ஜோகப்பா என்று கும்பிட்டவர்கள்

ஊருக்கெல்லாம் ராஜவேலுவாகவும் எனக்கு மட்டும் ராஜியாகவும் இருந்த என் அக்காவுக்கு,

நேற்றும் பூமி ஆடியது. அலமாரியில் பாத்திரங்கள் கிடுகிடுத்தன. சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் எங்கோ கீழே பாறை வெடித்திருக்கிறது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லையாம். விடிந்ததும் உன் சமாதியில் எலுமிச்சம்பழங்கள் கிடந்தன. பக்தியா, பயமா?

நம் சுரங்கத் தொழிலாளர் லைனில் உன்னை அலி என்று சொல்லிக் காறித் துப்பினார்கள். பங்காருபேட்டையில், எல்லம்மாவைக் கூடையில் வைத்துச் சுமந்து வந்த கன்னடக்காரர்கள் உன்னை ஜோகப்பா என்று கும்பிட்டார்கள். அம்மன் தனக்கென்று எடுத்துக்கொண்ட ஆள் என்று அர்த்தமாம். நம் ஜனம் அதை ஆம்பளைப் பெயர் என்று நினைத்தது.

"இன்னா ஜோகப்பா, கன்னடக்காரனா மாறிட்டியா?"

நீயும் சிரித்தாய். வீட்டுக்கு வந்துதான் சொன்னாய்: "இங்க துப்புறாங்க, அங்க கால்ல வுழறாங்க. ரெண்டு பேருமே என் மூஞ்சியப் பாக்கல, சாந்தா."

பிறகு, கேஜில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கும் முன், கன்னடக்காரர்கள் தங்கள் தொப்பியை உன்னைத் தொடச் சொன்னார்கள். கேலி பேசிய நம்மவர்களும் வரிசையில் நின்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. நீதான் பயந்தாய். "தொட்டா நல்லதுன்னா, கெட்டது நடந்தா யாரக் கேப்பாங்க?"

நடந்தது. நீ தொட்டு அனுப்பிய ஷிப்டில் பாறை வெடித்தது, சிலர் திரும்பவில்லை. "கை வெச்சியே, இன்னா பண்ண?" என்று கூட்டம் வாசலுக்கு வந்தது. சில நாளில் பழைய சுரங்கக் குழியிலிருந்து உன் உடலை எடுத்தார்கள். கால் தவறியதாம். அந்தப் பக்கம் நீ ஏன் போகப்போகிறாய்?

இப்போது எழுதக் காரணம் தனம். பெற்றவர்கள் வைத்த பெயர் தனபால். பஜாரில் தையல் வேலை, உன்னைப் போலவே ஒருத்தி. இன்று காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் அவளைக் கேஜ் பக்கம் கூட்டிப்போய் மாலை போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். மாலையோடு என்னிடம் ஓடிவந்தாள்.

"டீச்சரம்மா, ஜோகப்பான்னு கும்புட்றாங்க! இனிமே யாரும் என்ன ஏச மாட்டாங்க."

உன் கதையைச் சொன்னேன். கேட்டாள். மாலையைக் கழற்றவில்லை. "நாளைக்கும் வரச் சொல்லிருக்காங்க" என்றாள்.

நாளை நானும் போவேன், அக்கா. தொப்பியை நீட்டுகிற ஒவ்வொருவனையும் முதலில் அவள் முகத்தைப் பார்க்கச் சொல்வேன். தனம் என்று கூப்பிடச் சொல்வேன். கூட்டம் மறுபடி வாசலுக்கு வந்தால், அவளுக்கு முன்னால் நான் நிற்பேன்.

பாத்திரங்கள் மறுபடி கிடுகிடுக்கின்றன.

உன் தங்கச்சி சாந்தா,
இனி தனத்துக்கு அக்கா