பாம்புக்கு ஒரு சவப்பெட்டி

டிசம்பர் 9, 1983

என் அன்புள்ள வீட்டுக்காரர் நுவோகெடி அவர்களுக்கு, ஒபியானுஜு எழுதுவது.

ஜோஸில் இந்த மாதம் குளிர் கடுமை என்று லாரிக்காரர் ஒசிதா சொன்னார். ரொட்டி அடுப்பின் சூட்டிலிருந்து நேரே வெளியே வந்து நிற்காதீர்கள். உங்கள் அண்ணனும் எகெம்மா அக்காவும் சுகம். மேற்கு மூலையில் ஒழுகிய தகரத்தை அண்ணன் மாற்றிவிட்டார். என்னைப் பற்றி மட்டும் இதுவரை ஒன்றும் எழுதவில்லை. இனி எழுதாமல் முடியாது. நம் வீட்டில் அம்மா இறந்துவிட்டாள். பதறாதீர்கள், இடெமிலி ஆற்றுத் தாயின் பாம்பைத்தான் சொல்கிறேன்.

குழந்தை போன ஒன்பதாம் நாள் அது வந்தது. பால் கட்டிக்கொண்டு மார்பு கொதித்த நாட்கள் அவை. குளித்துவிட்டு அறைக்குள் வந்தால், அவனைப் படுக்கவைத்திருந்த பாயின் நடுவில் ஒரு குட்டி மலைப்பாம்பு கிடந்தது. ஒரு முழம்கூட இருக்காது. கையில் எடுத்ததும் பந்தாகச் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொண்டது. எகெம்மா அக்கா எட்டிப் பார்த்து, "அம்மா வந்திருக்கா, நல்லதுதான். கதவைத் திறந்து வை, இஷ்டம் போல இருந்துட்டுப் போவா" என்றாள்.

நான் கதவைச் சாத்தினேன். அம்மாவை அடைத்துவைக்கக் கூடாது என்று தெரிந்துதான் சாத்தினேன். ஓலைக்கூடையில் அவனுடைய துணியை விரித்து, அதில் விட்டு, மூடி போட்டுக் கட்டினேன். அவன்தான் பாம்பாக வந்தான் என்று நினைக்கும் அளவுக்கு எனக்குப் பைத்தியம் இல்லை. ஆனால் காலையில் எழுந்ததும் போய்ப் பார்க்க ஒன்று இருந்தது. மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு கிடக்கும்போது கொஞ்சம் கனக்கும். எனக்கு அது வேண்டியிருந்தது.

தண்ணீர் எடுக்கப் போகும் இடத்தில் பெண்கள் கேலி பேசினார்கள். "இவ்வளவு நாளா அம்மா உங்க வீட்டை விட்டுப் போகலையே, அப்படி என்னடி ஆக்கிப் போடுற?" என்று கேட்டாள் ஒருத்தி. நானும் சிரித்தேன். உண்மையில் அது ஒன்றுமே தின்னவில்லை. எலிக்குஞ்சு வைத்துப் பார்த்தேன், கோழிக்குஞ்சு வைத்துப் பார்த்தேன். முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். விட்டுவிடலாம், நாளைக்கு விட்டுவிடலாம் என்று இரண்டு மாதத்தை ஓட்டினேன். பிறகு இந்த வறண்ட காற்று தொடங்கியது. நேற்றுக் காலை மூடியைத் திறந்தபோது அது நீண்டு கிடந்தது. அதுவரை ஒரு நாளும் அது அப்படி நீண்டு படுத்ததில்லை.

மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. நானே போய்ப் பெரியவர்கள் முன்னால் சொன்னேன். எகெம்மா அக்கா தலையில் கைவைத்தாள். "ஆத்துக்குப் போற அம்மாவைக் கூடைக்குள்ள அடைச்சே கொன்னுட்டியேடி" என்றாள். திட்டட்டும், அத்தனைக்கும் நான் தகுதியானவள்தான். பெரியவர்கள் தீர்ப்பு சொன்னார்கள். யார் கையில் அம்மா செத்தாளோ அவர்கள் மனிதருக்குச் செய்வதையெல்லாம் செய்ய வேண்டும், பெட்டி, வெள்ளைத் துணி, குழி, ஒப்பாரி, ஒன்றும் குறையக் கூடாது என்றார்கள். "உம் புருஷனுக்கு ஆள் அனுப்பு. அவன் கையால முதல் மண்ணு வெட்டாம இறக்க முடியாது, அண்ணன் செஞ்சா ஆகாது" என்றார் பூசாரி. நான்கு நாள் தவணை கொடுத்திருக்கிறார்கள். சாம்பலில் வைத்து வாழையிலையில் சுற்றி வைத்திருக்கிறேன்.

நம் பிள்ளைக்கு இதில் ஒன்றும் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். பெயர் வைப்பதற்குள் போன குழந்தைக்குப் பெட்டி இல்லை, அழுகை இல்லை. என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போனார்கள், வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். எங்கே வைத்தார்கள் என்று கேட்டதற்கு, "கேக்காதே, அழாதே, அடுத்தது வர்ற வழியை அடைச்சிடாதே" என்றார்கள். நீங்களும் நமக்கு இன்னும் வயது இருக்கிறது, அழாதே, லீவு கிடைக்கவில்லை என்று எழுதினீர்கள். அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

இன்று தச்சர் இலோசுவே அளவு கேட்டார். கையை விரித்துக் காட்டினேன். "எதுக்கும்மா இவ்வளவு? குட்டிப் பாம்புதானே, சுருட்டி வச்சா ஒரு சாண் போதும்" என்றார். முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும், அதற்கு மேல் நாலு விரலும் வேண்டும் என்றேன். அவனைக் கையில் ஏந்தியிருந்த அளவு அது. என் முகத்தைப் பார்த்தார். பலகையில் கோடு போட்டுக்கொண்டார். குழியை எங்கே வெட்டுவது என்ற பேச்சு வந்தபோது எகெம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் புரிந்துகொண்டாள். வீட்டுக்குப் பின்னால் சேம்புப் பாத்திக்கு அந்தப் பக்கம் அழைத்துப் போய், ஒரு கல்லைக் காட்டி, அதன் பக்கத்தில் வெட்டலாம் என்றாள். இத்தனை நாளும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போய்வந்திருக்கிறேன்.

ஒசிதா இதை நாளைக்கே உங்கள் கையில் தருவார். அதே லாரியில் புறப்படுங்கள். முதலாளியிடம் பாம்பு என்று சொன்னால் சிரிப்பார். வீட்டில் ஒரு சாவு என்று சொல்லுங்கள், அது பொய் இல்லை. வெள்ளைத் துணி இரண்டு வாங்கி வாருங்கள். அன்று ஊர்ப் பெண்கள் எல்லோரும் முற்றத்தில் உட்கார்ந்து அழுவார்கள். என்னையும் அழச் சொல்வார்கள். வாய்விட்டு அழுதாலும் யாரும் வாயைப் பொத்தமாட்டார்கள். நீங்கள் அழுதாலும் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

அவனுக்கு நீங்கள் தேர்ந்தெடுத்த பெயர் எழுதிய கடிதம், அவன் போய் நாலு நாள் கழித்து வந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, தனியாகக்கூட வாயால் சொல்லிப் பார்க்கவில்லை. பெயர் சொல்லும் உரிமை தகப்பனுக்குத்தானே. வந்து, மண் தள்ளும்போது, ஒரு தடவை சொல்லுங்கள். சத்தமாக வேண்டாம். பக்கத்தில் நிற்கிற எனக்குக் கேட்டால் போதும்.

ஆற்றுத் தாய் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
ஒபியானுஜு