வெள்ளவத்தை வரை வந்த அக்கா

அக்கா,

இன்று காலை மகள் கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள். ரொறன்ரோவிலிருந்து பலாலிக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் பறக்க வேண்டும் என்று அதில் வரைபடத்தோடு இருந்தது. "சென்னையிலை மாறினால் சரி, அப்பா. நேரை யாழ்ப்பாணத்திலையே இறங்கலாம்" என்றாள். அவள் வேலைக்குப் போன பிறகும் நான் அந்த நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்பத்து நான்கில் என்னை வழியனுப்ப யாழ்ப்பாண ரயில் நிலையத்துக்கு வந்த நீங்களும் இதைத்தான் கேட்டீர்கள். "கனடா எவ்வளவு தூரமடா தம்பி?" எனக்கு மைல் கணக்குத் தெரியவில்லை. "பிளேனிலை ஒரு நாள்தான், அக்கா."

"அப்ப கிட்டத்தான்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவர் நீங்கள்தான். ரயில் நகர்ந்தபோதும் நீங்கள் திரும்பவில்லை.

பல வருடங்கள் கழித்து உங்களைப் பார்க்க வந்தேன். அப்போது நம் குருநகர் வீட்டில் செல் குண்டு விழுந்து இடிந்துபோக, அச்சுவேலியில் யாரோ ஒருவர் வீட்டின் பின்னறையில் இருந்தீர்கள். யாழ்ப்பாணத்துக்கு ரயிலும் இல்லை, தொலைபேசியும் இல்லை. கிளாலிக் கடல்நீரேரியை வள்ளத்தில் கடப்பது ஒன்றே வழி. கொழும்பில் சந்திப்பதென்று கடிதத்தில் பேசிக்கொண்டோம். பாதி உலகத்தைக் கடந்து வந்து, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்துக் காத்திருந்தேன்.

வடக்கிலிருந்து வந்தவர்களையெல்லாம் விசாரித்தேன். "கிளாலியிலை வள்ளம் ஓடேல்லை, தம்பி. சனமெல்லாம் கரையிலை நிக்குது" என்றார் ஒரு பெரியவர். நானே வருகிறேன் என்று புறப்பட்டபோது லொட்ஜ்காரர் தடுத்தார். "நீர் போயிடுவீர். திரும்பி வரேலாது." கனடா திரும்பும் பயணத்தை ஒருமுறை தள்ளிப்போட்டேன். மறுமுறை முடியவில்லை. இங்கே மனைவி நிறைமாதமாகத் தனியே இருந்தாள்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, தொலைபேசி அடித்தது.

"தம்பி, நான் அக்கா கதைக்கிறன்."

"எங்கையிருந்து அக்கா?"

"வெள்ளவத்தையிலை. நீ இருந்த அறையைத்தான் எனக்குத் தந்திருக்கினம். கட்டிலிலை உன்ரை துவாய் கிடக்கு."

நீங்கள்தான் கதைத்தீர்கள். எனக்கென்று கொண்டுவந்த கருவாடு வள்ளத்தில் நனைந்துவிட்டதாம். மொட்டைமாடியில் காயப்போட்டதில் லொட்ஜ் முழுக்க மணக்கிறதாம். இருவரும் சிரித்தோம். கடைசியில், "அங்கையே நில்லுங்கோ அக்கா, நான் உங்களைக் கனடாவுக்குக் கூப்பிடுறன்" என்றேன்.

"வேண்டாமடா. உன்னைப் பாக்கத்தான் வந்தனான். நீ இல்லாத கொழும்பிலை எனக்கென்ன வேலை?"

வந்த வழியே திரும்பிப் போனீர்கள். தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது சனத்தோடு சனமாகக் கொடிகாமம் வரை நடந்தீர்களாம். அங்கே காய்ச்சலில் கண்மூடினீர்கள். செய்தி எனக்குக் கிடைத்தபோது முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்திருந்தது.

யாரையாவது வழியனுப்ப விமான நிலையத்துக்குப் போனால் நான் உடனே வீடு திரும்புவதில்லை, அக்கா. வருகிறவர்கள் வெளியே வரும் கதவடிக்குப் போய் நிற்பேன். ஆருக்காக என்று மனைவி முன்பெல்லாம் கேட்பாள், இப்போது கேட்பதில்லை. சனம் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வரும். கட்டிப்பிடித்து அழுவார்கள், சிரிப்பார்கள், கலைந்து போவார்கள். கடைசி ஆளும் போன பிறகு கதவு மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நிற்பேன்.