தங்கைக்கு அனுப்பாத புத்தகம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் நலம்.

பட்டினி கிடந்து உருக்குலைந்த பெண்ணொருத்தி, தான் மீண்ட கதையை எழுதிய புத்தகத்தை, இப்போது சாப்பாட்டை ஒதுக்கும் தங்கைக்கு அனுப்பச் சொன்னீர்கள். நானும் அப்படிப் பட்டினி கிடந்த நாட்களில் என்னைச் சாப்பிட வைத்ததே அதுதான். அந்த நம்பிக்கையில், நான் நர்ஸாக இருக்கும் வார்டில் சாப்பிட மறுக்கும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்தேன். அவளோ மீண்ட பக்கங்களை விட்டுவிட்டு, பட்டினிப் பக்கங்களில்தான் கோடு போட்டிருந்தாள்.

“இவங்க அளவுக்கு நான் இன்னும் மெலியலையேக்கா,” என்றாள் ஏக்கத்தோடு.

நேற்று அவளைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றிவிட்டார்கள். புத்தகம் கொடுத்ததை டாக்டரிடம் சொல்லிவிட்டேன். பயப்படாதீர்கள், வேலைக்கு ஆபத்தில்லை.

புத்தகத்தைப் பழிக்கவும் மனம் வரவில்லை, அனுப்பவும் கை வரவில்லை. தங்கை சாப்பிடும்போது சும்மா பக்கத்தில் உட்காருங்கள். அப்போது எனக்கும் போன் போடுங்களேன். ஒரு வாரமாகத் தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மூத்தவள்