மறைத்த நாலு சொற்கள்

ஜூலை 3

கால்பந்துப் பயிற்சி தொடங்கியது. முப்பத்து நாலு வயது, பதினாறாவது சீசன், இன்னும் நாலாவது டிவிஷன். மானேஜர் என்னை "தாத்தா" என்கிறார்.

மதியம் பிசியோ மரியன் தலைச் சோதனை வைத்தாள். பத்துச் சொற்களை வாசிப்பாள். ஐந்து நிமிஷம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். சீசனில் தலையில் அடிபட்டால் மறுபடி சோதிப்பார்கள். இன்றைய மார்க்கைவிடக் குறைந்தால் ஆட விடமாட்டார்கள்.

என்னுடன் தடுப்பில் நிற்கும் டாரில் வாசலிலேயே காதைக் கடித்தான்: "டேய் நீல், மேதாவி மாதிரி பத்தையும் ஒப்பிச்சுத் தொலைக்காத. ஆறோட நிறுத்து. அப்புறம் எவன் மண்டைய உடைச்சாலும் ஆறு வந்துரும்."

ஆறு சொன்னேன். மறைத்தவை: குடை, ஏணி, எலுமிச்சை, வாத்து. வெளியே வந்து டாரிலிடம் நாலையும் ஒப்பித்தேன். விழுந்து விழுந்து சிரித்தோம்.

அக்டோபர் 14

கார்னர் பந்து. எதிராளியின் தலை என் நெற்றிப்பொட்டில் மோதியது. எழுந்தபோது இரண்டு நடுவர்கள் தெரிந்தார்கள். இருவருமே என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

அக்டோபர் 25

சோதனை. ஆறுதான் வந்தது. இந்த முறை எதையும் மறைக்கவில்லை.

"ஜூலைல வந்ததேதான். சனிக்கிழமை ஆடு" என்றாள் மரியன். டாரில் சொன்ன வழி பலித்துவிட்டது. ஏனோ சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 19

தலைவலி. ஜோயனிடம் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

பிப்ரவரி 9

காலையில் பயிற்சிக்குக் கிளம்பினேன். காரை நிறுத்தி, பூட்ஸ் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டேன். புல் வெட்டுகிற கிழவர் ஆல்பின் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னப்பா, உன்னைத் திரும்பச் சேத்துக்கச் சொல்லிக் கேக்க வந்தியா?"

அது நான் ஆறு வருஷத்துக்கு முன்பு ஆடிய கிளப்.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சமாளித்தேன். பையைப் பின்னால் மறைத்தேன். எனக்கு என்னதான் ஆகிறது — ஐயோ, என்னதான் ஆகுது?

மே 6

கிளப் பட்டியல் வந்தது. எனக்கு இன்னும் ஒரு வருஷம் கொடுத்திருக்கிறார்கள். டாரிலைக் கழற்றிவிட்டார்கள். போன் செய்தான்: "தாத்தாவ வச்சுக்கிட்டு என்னைத் துரத்திட்டானுங்கடா!" சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்கு அழுகை வந்தது.

ஜூன் 21

ஜோயன் பிறந்தநாள். அவள் தங்கையின் பெயர் வாயில் வரவில்லை. வீடு திரும்பியதும் ஆல்பினிலிருந்து ஆறு மார்க்வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"இந்தத் தடவை நடிக்காத. எனக்காக" என்றாள்.

ஜூலை 2

புது சீசன், மறுபடி தலைச் சோதனை. நடிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லையும் உதட்டுக்குள் சொல்லிச் சொல்லி வைத்துக்கொண்டேன்.

"ஆறு" என்றாள் மரியன். "போன வருஷமும் ஆறு. கொஞ்சமும் மாறல நீ. தேறிட்ட."

வீட்டுக்கு வந்து போன ஜூலை பக்கத்தைப் புரட்டினேன். குடை, ஏணி, எலுமிச்சை, வாத்து. இந்த வருஷம் விட்டுப்போன நாலையும் இங்கே எழுதிவைக்கலாம் என்று ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

நாளை இந்த நோட்டை மரியனிடம் காட்டப்போகிறேன். ஜோயன்தான் காரை ஓட்டுவாள்.