நீங்கள் எழுதும் இடம்

என்னங்க,

மறுபடி வேலைக்குப் போகலாமென்று பயோடேட்டா எழுத உட்கார்ந்தேன். "வருஷ வரிசையில போடாதம்மா, படுக்கையில இருந்த அப்பாவைப் பார்த்துக்கிட்ட வருஷமெல்லாம் காலியா தெரியும். திறமைகளை மேல போடு" என்கிறாள் மகள்.

அந்த நாளில், நம்மைப் பற்றி நாமே பீற்றிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறதென்று, உங்களுடையதை நானும் என்னுடையதை நீங்களும் எழுதுவோமே! "கோபம் வந்தாலும் கணக்குப் பிசகாது" என்று எழுதிவிட்டு, நான் பிடுங்காதபடி தாளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டீர்கள். அந்த வரியைப் படித்துச் சிரித்துத்தான் மேனேஜர் வேலையே கொடுத்தார்.

நேற்றெல்லாம் உட்கார்ந்தும் திறமைகளில் ஒரு வரி ஓடவில்லை. அது நீங்கள் எழுதும் இடம்.

வருஷ வரிசையிலேயே போட்டுவிட்டேன். காலியாகத் தெரிந்தால் தெரியட்டும். அந்த இடத்தில்தானே நீங்கள் இருந்தீர்கள்.

இப்படிக்கு,
கணக்குப் பிசகாத உங்கள் கோபக்காரி