மாதிரி எண் நாற்பத்தொன்று

நெருப்பெரிச்சல், திருப்பூர்
9.2.2025

அன்புள்ள வினிதாவுக்கு,

போனில் பேசினால் இரண்டு நிமிஷத்தில் சண்டையாகிவிடுகிறது, எழுதினால் படிக்கிறேன் என்று சொன்னாய். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் உனக்கு இதுதான் என் முதல் கடிதம். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

அம்மா முட்டிவலியோடு சிவன்மலைக்குப் படியேறிப் போய்விட்டு வந்து, மூன்று நாளாக என்னைத் திட்டுகிறாள். நம் நிட்டிங் யூனிட்டில் பன்னிரண்டு மிஷினில் எட்டுதான் ஓடுகிறது. ஆள் கிடைப்பதில்லை.

முழங்கையில் இருந்த சோரியாசிஸ் போய்விட்டது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் ஊசி போட்டார்கள். நீ ஸ்கேல் வைத்து அளந்து போட்டோ எடுப்பாயே, அந்த இடம்தான். என்னைப் பார்க்காமல் படையைப் பார்க்கிறாள் என்று அப்போது எனக்கு எரிச்சலாக இருக்கும். நீ பெங்களூருக்குப் போன இந்த இரண்டு வருஷத்தில் அதைப் பார்க்கவும் ஆளில்லை.

ஒன்று சொல்கிறேன், திட்டாதே. ஆராய்ச்சிக்கு என்று ஆறின இடத்தில் பயறளவு தோல் எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டதால் வெட்டியது தெரியவே இல்லை. பெங்களூருக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். அது உன் லேப். தெரிந்துதான் கொடுத்தேன். பார்த்தாயா?

மார்ச் ஷிப்மென்ட் முடிந்ததும் நேரில் வருகிறேன்.

உன்
செந்தில்வேல்


பெங்களூரு
17.2.2025

மாமா,

கடிதம் வந்தது. குணமானதில் சந்தோஷம். சந்தோஷம் என்று எழுதிவிட்டேனே தவிர, என்ன தோன்றியது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஒரு வருஷமாக எனக்கு எல்லாமே அப்படித்தான் இருக்கிறது.

எங்களுக்கு வரும் தோலில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். படை ஆறிய இடத்தில் உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்கிறோம். நோயைக் கிளப்பிவிட்ட, உடம்பின் எதிர்ப்புச் செல்களில் சில, மேலே தோல் சரியான பிறகும் அங்கேயே தங்கிவிடுகின்றன. அதனால்தான் பலருக்கு மருந்தை நிறுத்தியதும் அதே இடத்தில் மறுபடி வருகிறது. நீங்களாக ஊசியை நிறுத்தாதீர்கள். இதைப் படித்துவிட்டு நம் இருவருக்கும் பொருத்திப் பார்க்கவும் வேண்டாம். செல்லுக்குப் பாசம் கிடையாது.

ஆராய்ச்சி செய்பவர்களின் சொந்தக்காரர்கள் தோல் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் ஆய்வின் விதி. உறவுமுறை உண்டா என்று படிவத்திலேயே ஒரு கட்டம் இருக்கும். அதில் என்ன எழுதினீர்கள்? உங்கள் எண் என்ன? இரண்டுக்கும் பதில் வேண்டும்.

ஷிப்மென்ட் முடிந்ததும் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். போன வருஷம் எனக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் நடந்த அன்றும் உங்களுக்கு ஷிப்மென்ட்தான். சொந்தக்காரர் கையெழுத்து கேட்டார்கள். ஹாஸ்டலில் பக்கத்து அறை ரோஸ்மேரி போட்டாள். உறவுமுறை என்ற இடத்தில் அக்கா என்று எழுதினாள்.

வினிதா


நெருப்பெரிச்சல்
25.2.2025

அன்புள்ள வினிதா கண்ணுக்கு,

எண் நாற்பத்தொன்று. கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.

நர்ஸ் தேஜஸ்ரீ படிவத்தைப் படித்துக் காட்டினார். "ஏனுங்க, இந்த ஆராய்ச்சி பண்றவங்க யாராச்சும் உங்களுக்குச் சொந்தமுங்களா? சொந்தம்னா எடுக்க மாட்டோமுங்க" என்றார். தாளின் அடியில் உன் பெயர் அச்சாகியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே "இல்லீங்க" என்றேன். ஆமாம் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நீ ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. தான் வரத் துப்பில்லை, தோலை அனுப்பிவிட்டான் என்று நீ சொல்லலாம். சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

உன் ஆபரேஷன் அன்று சரக்கு லாரியில் ஏறாவிட்டால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா என்று எழுதத் தொடங்கி, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். வராதது என் தப்பு.

இந்த நாற்பத்தொன்று யாருடையது என்று நம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நீ பேசாமல் விட்டால் நான் எழுதின 'இல்லை' அப்படியே நின்றுவிடும். சொந்தம் என்று சொல்லி ஆய்விலிருந்து எடுத்துவிட்டாய் என்றால், நான் இன்னும் உனக்கு மாமன்தான் என்று எடுத்துக்கொள்வேன். அடுத்த பஸ்ஸில் அங்கே வந்து நிற்பேன். ஷிப்மென்ட் எக்கேடாவது கெட்டுப் போகட்டும்.

என்றும் உன்
செந்தில்வேல்


பெங்களூரு
10.3.2025

மாமா,

நாற்பத்தொன்றை எடுத்துவிட்டோம்.

உங்கள் முதல் கடிதம் வருவதற்கு முன்பே நான் அதிலிருந்த செல்களை எண்ணி முடித்திருந்தேன். மூன்று நாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறேன். வந்ததிலேயே அதில்தான் செல்கள் அதிகம், அருமையான மாதிரி என்று ரோஸ்மேரியிடம்கூடச் சொன்னேன். ஆகவே, பார்த்தேன். யாருடையது என்று தெரியாமல் பார்த்தேன்.

பேராசிரியரிடம் போய், "நாற்பத்தொன்று என் கணவருடையது சார்" என்றேன். கணக்கை முதலிலிருந்து போட வேண்டும், கட்டுரை நாலு மாதம் தள்ளிப்போகும் என்றார். கணவர் என்று நான் வாய்விட்டுச் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சொல்லிவிட்டு வராந்தாவில் வந்து நின்றேன். அழுகை வரும், இல்லையென்றால் கோபமாவது வரும் என்று காத்திருந்தேன். பசிதான் எடுத்தது. கேன்டீனுக்குப் போய் இட்லி சாப்பிட்டேன்.

எடுத்துவிட்டேன் என்பதால் நீங்கள் எழுதியதுபோல் எடுத்துக்கொள்ளாதீர்கள். பொய் சொல்லி வந்த தோல் ஆய்வில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பஸ் ஏற வேண்டாம். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் வாருங்கள் என்று எழுதியிருப்பேன்.

தையல் போட்ட இடத்தைச் சொறியாதீர்கள். அத்தையை ஒரு நல்ல எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

இருவர் சம்மதத்தோடு பிரிவதற்கான மனு இத்துடன் இருக்கிறது, இரண்டு பிரதி. உங்கள் படிவத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வரவழைத்தார்கள். நீங்கள் எழுதிய 'இல்லை'யை அடித்துவிட்டு 'கணவர்' என்று திருத்தி, பக்கத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போட்டேன். மனுவிலும் அன்றைக்கே போட்டுவிட்டேன். பென்சிலால் குறித்திருக்கும் இடத்தில் நீங்கள் போடுவதுதான் பாக்கி.

வினிதா