இரண்டும் இடது கால்

என் தோஸ்த்து நாசருக்கு,

உனக்குக் கேட்காது என்று தெரியும். ஆனாலும் உன்னிடம் சொல்லாதவரைக்கும் எனக்கு எதுவும் முடிந்த மாதிரி இருப்பதில்லை. முப்பது வருடம் ஒரே கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் போய்வந்த பழக்கம். அதனால் இதையும் உனக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும், பாபி சரி என்று சொல்லிவிட்டார்கள். உன் மனைவி ஷமீமை நான் இன்னும் அண்ணி முறையில் பாபி என்றுதான் கூப்பிடுகிறேன். அவர்களிடம் ஏன் அனுமதி கேட்க வேண்டியிருந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில், எனக்குத் தோள் வலிக்கிறது. உன் புத்தகம் ரொம்பக் கனம். தோல் வேலை செய்கிற ஜனங்கள் எந்தச் சாமியிடம், எந்தத் தர்காவில், எந்த மாதா கோயிலில் என்ன வேண்டிக்கொள்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினாய், சரி. அதைக் கொஞ்சம் கம்மியாக எழுதியிருக்கக் கூடாதா? சுமக்கிறவன் ஒருத்தன் இருக்கிறான் என்று நினைத்துப் பார்த்தாயா?

ஆஸ்பத்திரியில் நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. "புக்கு குடோன்ல தூங்கக் கூடாதுடா. நான் எழுந்து வரலன்னா நீ தூக்கிட்டுப் போ." நீ எழுந்து வரவில்லை. நீ போன ஆறாவது மாதம் புத்தகம் வந்தது. அன்றிலிருந்து தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

எழுதியவன் இல்லாத புத்தகத்தைப் பேசி விற்பது பெரிய பேஜார், நாசர். திருப்பத்தூரில் ஒரு கூட்டம் போட்டார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள், மீதிப் பேர் மைக் சரியில்லை என்றார்கள். வாலாஜாபேட்டையில் ஒரு கடைக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சாமி இருக்குன்னு சொல்ற புக்கா, இல்லன்னு சொல்ற புக்கா? அத சொல்லுங்க, எந்த வரிசைல வெக்கிறதுன்னு பாக்கணும்" என்றார். ரெண்டும் இல்லை என்றேன். ஜாதகப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். வேலூரில் ஒருவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "இது நம்ம ஆளுங்களப் பத்தியா, அவங்களப் பத்தியா?"  ரிஸ்வானா வேறு சித்தப்பா என்கிற உரிமையில் என்னை நிற்கவைத்து வீடியோ எடுத்து, "சாச்சா, சிரிச்ச முகமா சொல்லுங்க" என்கிறாள். உன் மகளுக்கு உன் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது.

இப்படி அலைந்ததில் ஒன்று கற்றுக்கொண்டேன். கூட்டத்தில் தத்துவம் பேசினால் கொட்டாவி விடுகிறார்கள், கதை சொன்னால் கேட்கிறார்கள். அதனால் எல்லா ஊரிலும் உன்னுடைய ஒரே அத்தியாயத்தைப் படிக்க ஆரம்பித்தேன். செருப்பு அத்தியாயம்.

ஒடுகத்தூர் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிற முனீஸ்வரனுக்குச் செருப்பு தைத்துக் கட்டுவார்கள் என்று எழுதியிருந்தாயே, அது. ஊரைச் சுற்றிக் காவல் போகிற சாமி, நடந்து நடந்து செருப்பு தேயும் என்பது நம்பிக்கை. அங்கே ஒரு பெண், குழந்தைக்குக் காய்ச்சல் இறங்க வேண்டும் என்று ஒரு ஜோடி தைத்து அனுப்புகிறாள். வீட்டில் ஷூவின் மேல்பாகம் கையால் தைத்துக் கொடுக்கிற பெண் அவள். அவள் அனுப்பிய செருப்பு இரண்டுமே இடது கால்.

அந்த இடத்தில் கூட்டம் சிரிக்கும். ஷூ கம்பெனி இருக்கிற ஊர் அல்லவா, இரண்டும் இடது என்றால் சின்னக் குழந்தைக்கும் விளங்கும். நான் புத்தகத்தைத் தாழ்த்திவிட்டு, "பாவம், சாமி நொண்டிக்கிட்டேதான் காவல் போயிருப்பாரு" என்பேன். அது உன் வரி இல்லை, என் சொந்தச் சரக்கு. சிரிப்பு அடங்குவதற்குள் புத்தகத்தை மூடிவிட்டு, "மீதியை வாங்கிப் படிங்க" என்று முடிப்பேன். நாலு பேர் வாங்குவார்கள். அந்த நாலு பேருக்காக ஊர் ஊராக அதையே செய்தேன்.

போன வாரம் ஆம்பூரிலும் அதையே செய்தேன். நம் ஊர் என்பதால் கூட்டம் ஜாஸ்தி. பாபியும் ரிஸ்வானாவும் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் என் வீட்டுக்காரி வசந்தாவோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லா ஊரையும் விட நம் ஊரில்தான் பலமாகச் சிரித்தார்கள். பாபி எழுந்து வெளியே போனதைப் பார்த்தேன். தொழுகைக்கு நேரமாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். செருப்பைக் கழற்றும்போது வசந்தா சொன்னாள்.

"ஏங்க, அந்தச் செருப்ப ஒடுகத்தூருக்கு எடுத்துட்டுப் போனது நான்தான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எங்கம்மா ஊருக்குப் போறப்ப ஷமீம் அக்கா என்கிட்டதான் குடுத்து அனுப்பிச்சாங்க. ரிஸ்வானாவுக்கு அப்ப நாலு வயசு. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு என் கையப் புடிச்சு அழுதாங்க. இருபது வருஷமா நான் உங்ககிட்டகூட சொல்லல. நீங்க இன்னிக்கு ஊரையே சிரிக்க வெச்சிட்டீங்க."

நான் அன்று சாப்பிடவில்லை, நாசர்.

மறுநாள் காலையில் உன் வீட்டுக்குப் போனேன். ரிஸ்வானா வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். பாபி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்கள். நான் ஆரம்பிப்பதற்குள் அவர்களே பேசினார்கள்.

"ஒம்போது நாளா ஜுரம் எறங்கலண்ணா. ஓதி ஊதியாச்சு, டாக்டர் பாத்தாச்சு. யாரோ முனீஸ்வரனச் சொன்னாங்க. வீட்ல இருந்த ரிஜெக்ட் பீஸ் எல்லாமே லெஃப்ட்டு. ரைட்டுக்கு நான் எங்க போவேன்? இருந்தத தெச்சேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவருக்குத் தெரியாதுன்னு இத்தினி வருஷம் நினைச்சிருந்தேன். தெரிஞ்சிருக்கு. என்னான்ட ஒரு வார்த்தை கேக்கல. ஊருக்கு எழுதி வெச்சிட்டுப் போய்ட்டாரு. எங்க அண்ணன் வீட்ல தெரிஞ்சா என்னை இன்னா நினைப்பாங்க?"

இனிமேல் அந்த அத்தியாயத்தைத் தொடமாட்டேன் என்று சொன்னேன். வேலூரில் ஒரு கல்லூரியில் வரும் வியாழக்கிழமை கூப்பிட்டிருக்கிறார்கள், செருப்புக் கதையைத்தான் படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். அப்படியே இந்தப் புத்தகப் பையையும் இறக்கி வைத்துவிடலாம் என்றுதான் மனதில் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு அலுத்துப்போயிருந்தேன்.

பாபி டீ டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார்கள். பிறகு, "அதுல முழுசா இன்னாதான் எழுதியிருக்காரு?" என்று கேட்டார்கள். அவர்கள் படித்தது உருது பள்ளிக்கூடம், தமிழ் பேசுவார்களே தவிர படிக்க வராது. இது எனக்குத் தெரியாதா? நாலு மாதமாக ஊருக்கெல்லாம் படித்துக் காட்டினேன், உன் வீட்டில் படித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லையே.

முதலிலிருந்து படித்தேன். சிரிக்க வைக்கிற இடம் வந்தது. நீ எழுதியதில் அங்கே சிரிப்பே இல்லை, நாசர். மேற்கொண்டு படித்தேன். நான் எந்தக் கூட்டத்திலும் படிக்காத கடைசிப் பக்கம்.

"வீட்டில் இருந்த துண்டுகளில் இரண்டு குறைவதை அவளுடைய கணவன் கவனித்தான். கேட்கவில்லை; யாரோ அவளிடம் முனீஸ்வரனைச் சொன்னது அவன் காதிலும் விழுந்திருந்தது. காய்ச்சல் இறங்கி ஒரு மாதம் கழித்து அவன் தனியாகப் பஸ் ஏறி அங்கே போனான். மரத்தில் தொங்கிய செருப்புகளில் அந்த இரண்டையும் உடனே கண்டுபிடித்தான், தையல் அவன் வீட்டுத் தையல். தான் தைத்துக்கொண்டு போன இரண்டு வலது கால் செருப்பைப் பக்கத்தில் கட்டினான். திரும்பி வந்து மாலைத் தொழுகைக்குப் போனான்."

 அச்சுக்குப் போகும் முன் இந்தப் பக்கத்தில் எழுத்துப் பிழை திருத்தியவன் நான். யாரோ ஒருவன் கதை என்று திருத்தினேன், அதோடு மறந்தும் போனேன். கம்பெனியில் முப்பது வருடம் ஜோடி சரிபார்த்துப் பெட்டியில் வைப்பதுதான் என் வேலை. உன் கதையில் பாதியைத்தான் ஊர் ஊராகக் கொண்டுபோயிருக்கிறேன்.

பாபி புத்தகத்தை வாங்கி, "எந்த வரி?" என்று கேட்டார்கள். காட்டினேன். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தார்கள்.

"பேரணாம்பட்டு போறேன்னு சொல்லிட்டுப் போனாரு அன்னைக்கு" என்றார்கள். "பொய் சொல்ல வராது அவருக்கு. முகத்தப் பாத்தேன், ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுது. நானும் கேக்கல."

ஏன் நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவே இல்லை? எழுதத் தெரிந்த உனக்கு வீட்டுக்குள் சொல்ல ஏன் வரவில்லை? பக்கத்து சீட்டில் இருந்த என்னிடமாவது சொல்லியிருக்கலாமே, நாசர்.

மூன்று நாள் கழித்து பாபி வசந்தாவுக்குப் போன் செய்தார்கள். "வேலூர்ல படிக்கச் சொல்லு. அண்ணன் வீட்ல கேட்டா நான் பேசிக்கிறேன்." ரிஸ்வானாவிடம் அவர்களே சொல்லிவிட்டார்களாம். உனக்கு இப்படி ஒரு கடிதம் எழுதலாமா என்று நான் போய்க் கேட்டபோதும் யோசிக்கவில்லை.

"எழுதுங்கண்ணா. ஆனா ரைட்டு ரெண்டையும் சேர்த்து எழுதுங்க."

எழுதிவிட்டேன். வியாழக்கிழமை காலை பஸ்ஸுக்கு பாபியும் வருகிறார்கள். தோள் வலி அப்படியேதான் இருக்கிறது, பையும் அதே கனம்தான். ஆனால் ஒன்று, தோஸ்த்து. இனி எந்த ஊரிலும் கடைசிப் பக்கம் படிக்காமல் உன் புத்தகத்தை மூடமாட்டேன்.

உன் பக்கத்து சீட்டுக்காரன்,
ரிஸ்வானாவின் சாச்சா,
தயாளன்